ஆண்டறிக்கை 2025: அத்திலாந்திக் கடற்பயண ஆயத்தங்கள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அன்புக்குரிய அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வடமேற்கு லண்டனில் இயங்கும் எமது மூத்தோர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். வாராந்த ஒன்றுகூடல், யோகா வகுப்பு, பொங்கல் விழா, ஆடிக்கூழ், ஒளிவிழா எல்லாம் வழமைபோல் சிறப்பாக நடந்தன. உதவிய அனைவருக்கும் நன்றி. வரவுசெலவு அறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நிர்வாக சபையின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது 2026 மே மாதத்துக்கான கப்பல் பயணம். அதைப் பற்றித்தான் நீங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எனவே அதை விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

இந்த எண்ணத்துக்கு விதை போட்டவர் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர். “தம்பி, பிளேனிலை கனடாவுக்குப் போய் வந்தாச்சு. ஒருக்காக் கப்பலிலை போகவேணும். எங்கடை ஊர்ச் சனம் பாய்க்கப்பலிலை போன தண்ணியெல்லே அது” என்றார். அவர் சொன்னது அன்னபூரணியை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அந்தக் கப்பலை வில்லியம் அல்பேர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். ஊரவர்களான மாலுமிகளே அதைச் சூயஸ் கால்வாய் வழியாகவும் அத்திலாந்திக்கைக் கடந்தும் ஓட்டிச் சென்று 1938 ஓகஸ்டில் மசசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அன்றைய கூட்டத்தில் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட இந்தக் கதை தெரிந்திருக்கவில்லை. பயணத்துக்கு முதல் அதைப் பற்றி ஒரு சிறு கண்காட்சி வைக்கலாம் என்பது என் தனிப்பட்ட விருப்பம்.

சவுத்தாம்ரனிலிருந்து நியூயோர்க்குக்கு குயின் மேரி 2 கப்பலில் போவதாக முடிவாகியிருக்கிறது. 2004இல் சேவைக்கு வந்த இந்தக் கப்பலின் நீளம் 345 மீற்றர். உல்லாசக் கப்பல்கள் பல இருந்தாலும், பெருங்கடலைத் திரும்பத் திரும்பக் கடப்பதற்கென்றே கட்டப்பட்டு இன்றும் அந்த வேலையைச் செய்வது இது ஒன்றுதான். கடலில் ஏழு இரவுகள். அதன் பிறகு நியூயோர்க்கில் தங்கி, ரயிலில் ரொறன்ரோ போய், அங்கிருந்து விமானத்தில் திரும்புவோம்.

ஏன் மே மாதம் என்று பலர் கேட்டீர்கள். ஜூன் 11இல் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் தொடங்குகிறது. இறுதியாட்டம் நியூயோர்க்குக்குப் பக்கத்தில், நியூஜேர்சியில் நடக்கிறது. ரொறன்ரோவிலும் ஆட்டங்கள் உண்டு. ஜூலை 4 அமெரிக்காவின் 250ஆவது சுதந்திர தினம். அந்த வாரங்களில் ஹோட்டல் விலையை நினைத்தும் பார்க்க முடியாது. செப்ரெம்பர் என்றால் சூறாவளிப் பருவத்தின் உச்சம். மே மாதத்தில் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் பனிப்பாறைகள் மிதந்து வரும் என்று ஒருவர் கவலைப்பட்டார். அது உண்மைதான். ஆனால் ரைற்ரானிக் விபத்தின் பின், 1914 முதல் அதற்கென்றே சர்வதேசப் பனிக் கண்காணிப்புச் சேவை இயங்குகிறது. கப்பல்கள் அதன் எச்சரிக்கைகளைப் பார்த்துத் தெற்கே ஒதுங்கிப் போகும்.

அடுத்து, நிர்வாக சபையில் அதிக நேரம் வாதாடிய விடயம்: கப்பலுக்கு முன்னும் பின்னும் ஹோட்டலில் தங்கத்தான் வேண்டுமா? “வோட்டர்லூவில் ரயில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சவுத்தாம்ரன். எதற்கு வீண் செலவு?” என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மத்தியதரைக் கடல் பயணத்தில் கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குப் பறந்துபோய் ஏறலாம். இந்தப் பயணத்தில் அடுத்த துறைமுகமே நியூயோர்க். தண்டவாளத் திருத்த வேலையோ வேலைநிறுத்தமோ வந்தால் மொத்தப் பயணமும் போய்விடும். எங்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். விடியற்காலையில் சூட்கேசுடன் ஓடி, அன்றே துறைமுக வரிசையில் நின்று, களைத்துப்போய்க் கப்பல் ஏறுவதை நான் ஏற்கவில்லை. சபையும் ஏற்கவில்லை.

ஆகவே சவுத்தாம்ரனில் இரண்டு இரவுகள். பார்க்க இடமும் இருக்கிறது. மேஃபிளவர் கப்பல் 1620இல் புறப்பட்ட ஊர் அது. ரைற்ரானிக்கும் 1912 ஏப்ரல் 10இல் அங்கிருந்துதான் கிளம்பியது. அதில் பணிபுரிந்து இறந்தவர்களில் 500க்கு மேற்பட்டோர் அந்த ஊரில் குடியிருந்தவர்கள். சீசிற்றி அருங்காட்சியகத்தில் அந்தக் குடும்பங்களின் கதையைச் சொல்கிறார்கள். பழைய நகர மதிலை ஒட்டி மெதுவாக நடந்தும் வரலாம்.

அறை விடயத்தில் ஒரு மனவருத்தம் ஏற்பட்டது. முதலில் விலை கேட்ட பயண முகவர், ஒருவருக்கு இவ்வளவு என்று சொன்னார். இரண்டு பேர் ஒரே அறையில் இருந்தால்தான் அந்த விலை என்பதைச் சொல்லவில்லை. துணையை இழந்து தனியாக இருக்கும் அங்கத்தவர்கள் இதனால் ஏறக்குறைய இரு மடங்கு கட்டவேண்டிய நிலை. கேட்டதும் சிலர் பெயரையே எடுத்துவிட்டார்கள். என் மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இந்தப் பயணம் அவர்களுக்குத்தான் முதலில் தேவை. கப்பலில் தனியாக வருவோருக்கான அறைகள் 15 மட்டுமே உண்டு, அவை சீக்கிரம் முடிந்துவிடும். அதனால் விரும்பியவர்களை இரண்டு இரண்டு பேராகச் சேர்க்கும் பொறுப்பை மகளிர் அணித் தலைவி ஏற்றார். குறட்டை விடுவோர், இரவில் விளக்கு வேண்டுவோர், அதிகாலையில் எழுந்து தேவாரம் பாடுவோர் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பட்டியல் போட்டிருக்கிறார். விலகிய பெரும்பாலானோர் திரும்ப வந்துவிட்டார்கள். அக்காவுக்குச் சபையின் சார்பில் நன்றி.

கப்பல், ஹோட்டல், விமானம் மூன்றையும் இப்போது வேறொரு முகவரிடம் ஒரே பொதியாகவே பதிகிறோம். தனித்தனியாக எடுத்தால் சில பவுண்கள் மிஞ்சும். ஆனால் ஒன்று குழம்பினால் மற்றதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பொதியாக எடுத்தால் சட்டப்படி விற்றவரே பொறுப்பு.

கடவுச்சீட்டு விடயத்தைக் கவனமாக வாசியுங்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் கப்பலில் போனாலும் அமெரிக்காவுக்கு எஸ்ரா (ESTA) என்ற, விசா இல்லாமல் போவதற்கான இணைய முன்அனுமதி எடுக்கவேண்டும். அதன் கட்டணம் 2025 செப்ரெம்பர் 30 முதல் 21 டொலரிலிருந்து 40 டொலராகிவிட்டது. அமெரிக்க அரசின் இணையத்தளத்திலேயே விண்ணப்பியுங்கள். அதைப்போலவே தோற்றமளித்துக் கூடுதலாகப் பணம் பறிக்கும் தளங்கள் இருக்கின்றன. 2021 ஜனவரி 12க்குப் பின் கியூபாவுக்கு விடுமுறை போனவர்களுக்கு எஸ்ரா கிடைக்காது, விசா எடுக்கவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவும் கனடா விசாவும் இரண்டுமே தேவை. அவர்கள் இன்னும் விண்ணப்பிக்கவில்லையென்றால் தயவுசெய்து இன்றே என்னிடம் வாருங்கள்.

இங்குள்ள சுகாதார அட்டை அமெரிக்காவில் செல்லாது. கப்பல் பயணத்தையும் சேர்த்த காப்புறுதி வேண்டும். சலரோகம், இரத்த அழுத்தம், பைபாஸ் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பிரீமியம் குறையும், ஆனால் நடுக்கடலில் ஏதும் நடந்தால் காசு வராது.

மேற்கே போகும்போது ஐந்து இரவுகள் கடிகாரத்தை ஒவ்வொரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். நாள் 25 மணித்தியாலமாகும். நியூயோர்க்கில் இறங்கும்போது உடம்பு அந்த ஊர் நேரத்துக்குப் பழகியிருக்கும். கப்பலை நாங்கள் திரும்பும் வழிக்கு அல்லாமல் போகும் வழிக்குத் தெரிந்தெடுத்ததற்கு இதுதான் முதல் காரணம். ஆனால் இன்சுலின் போடுபவர்கள் அந்த நாட்களுக்கான நேரத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். குளிசைகள் கைப்பையில் இருக்கவேண்டும். பெரிய சூட்கேஸ்களைத் துறைமுகத்திலேயே வாங்கிவிடுவார்கள், அறைக்கு வர நேரமாகும்.

விருந்து இரவுகளுக்குக் கோட்டு வாங்கவேண்டுமா என்று ஐயாமார் பலர் கேட்டார்கள். தேவையில்லை. தேசிய உடை ஏற்றுக்கொள்ளப்படும். பட்டு வேட்டி, சால்வை, பட்டுச்சேலை கொண்டுவாருங்கள். சைவ உணவுக்காரரின் பெயர்களை முன்பே அனுப்பவேண்டும், அப்புறம் கப்பலில் நின்று கேட்பதில் பயனில்லை. பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அமெரிக்கச் சுங்கத்தில் பறித்துவிடுவார்கள்.

ஒரு முன்மொழிவையும் பதிவு செய்கிறேன். 1986 ஓகஸ்ட் 11இல் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கஸ் டால்ரன் என்ற கப்டனும் மற்ற மீனவர்களும் காப்பாற்றினார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. 2026இல் அதற்கு 40 ஆண்டுகள். எங்கள் கப்பல் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே போகும் நாளில் எல்லோரும் ஓரிடத்தில் கூடித் திருவாசகம் பாடி அந்த மீனவர்களை நினைக்கவேண்டும் என்று துணைத்தலைவர் முன்மொழிந்தார். ஒருமனதாக ஏற்கப்பட்டது. சிறிய அறையொன்று கேட்டு எழுதியிருக்கிறோம்.

நியூயோர்க்கில் மூன்று இரவுகள். இறங்கும் நாளில் விடியுமுன் எழும்புங்கள். வெரசானோ பாலத்தின் கீழே கப்பல் போகும்போது புகைபோக்கிக்கும் பாலத்துக்கும் இடையில் சில மீற்றர்தான் இருக்கும். புரூக்ளின் ரெட் ஹூக் துறைமுகத்துக்கு அருகில் சுரங்க ரயில் இல்லை, அதனால் பஸ் ஒழுங்கு செய்திருக்கிறோம். காலையிலேயே இறங்கிவிடுவோம், ஹோட்டல் அறை பிற்பகலில்தான் கிடைக்கும். பெட்டிகளை அங்கே வைத்துவிட்டு மதியம்வரை இளைப்பாற ஒரு கூடமும் கேட்டிருக்கிறோம்.

ஹோட்டலை மன்ஹாட்டனில் எடுக்காமல் குவீன்ஸ் பகுதியில் எடுத்தது யோசித்துச் செய்தது. விலை குறைவு. 7ஆம் இலக்க ரயில் ஒரு பக்கம் ரைம்ஸ் சதுக்கத்துக்கும் மறுபக்கம் ஃபிளஷிங்குக்கும் போகும். ஃபிளஷிங்கில் 1977இல் குடமுழுக்குக் கண்ட மகா வல்லப கணபதி கோயில் இருக்கிறது. கீழே உள்ள உணவகத்தில் தோசை கிடைக்கும். ஸ்ரற்றன் தீவுப் படகு இலவசம், அதிலிருந்தே சுதந்திர தேவி சிலையைப் பார்க்கலாம்.

அங்கிருந்து காலை ரயிலில் ஹட்சன் ஆற்றோரமாகக் கனடாவுக்குப் போவோம். முழுத் தூரமும் 12 மணித்தியாலத்துக்கு மேல் என்பதால் நயாகராவில் ஓர் இரவு தங்குகிறோம். எல்லையில் பெட்டிகளுடன் இறங்கவேண்டும் என்பதால் இளைஞர் அணியிலிருந்து சிலர் உடன் வருகிறார்கள். ரொறன்ரோவில் ஹோட்டல் இல்லை. பெரும்பாலானோருக்கு ஸ்கார்பரோவிலும் பக்கத்து மார்க்கம் நகரிலும் உறவினர் வீடு உண்டு. இல்லாதவர்கள் சொல்லுங்கள், மற்றவர்களின் உறவினர்கள் ஏற்கனவே இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

சக்கர நாற்காலி தேவைப்படுவோரின் விபரம் இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. வசதியான அறைகள் குறைவு என்பதால் அதையும் கடவுச்சீட்டுப் பிரதியையும் இன்றைய கூட்டம் முடிந்ததும் உபசெயலாளரிடம் கொடுக்கவும்.

இந்த அறிக்கையைப் பொதுச்சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

நன்றி. வணக்கம்.

செயலாளர்