புதியவர்களின் கேள்வி நோட்டு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இன்று முதல்முறையாக இந்த மாடிப்படி ஏறி வந்திருக்கும் புதியவர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் மிஸ்டரி ஷாப்பர் சங்கம் செய்த வேலைகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டம் வழக்கம்போல இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கோவை காந்திபுரத்தில் நம் உறுப்பினர் ஒருவருடைய தட்டச்சுப் பயிற்சி நிலையத்து மாடியில் நடந்தது. அக்டோபரில் மட்டும் மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. சந்தா, வங்கி இருப்பு, செலவு விவரங்களைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். இந்த ஆண்டு நம்மை அதிகம் யோசிக்க வைத்தது புதியவர்கள் கேட்கும் கேள்விகள்தான். அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் செய்வது மிஸ்டரி ஷாப்பிங். நிறுவனங்களுக்காகச் சேவையைச் சோதித்துத் தரும் ஏஜென்சி சொல்லும் கடைக்கோ, உணவகத்துக்கோ, வங்கிக் கிளைக்கோ, பெட்ரோல் பங்குக்கோ சாதாரண வாடிக்கையாளராகப் போய், பார்த்ததை ரிப்போர்ட்டாக எழுதிக் கொடுக்கிறோம். நமக்குள் இதை 'விசிட்' என்போம். இங்கே இருப்பவர்களில் பாதிக்கு மேல் இல்லத்தரசிகள். அப்புறம் கல்லூரி மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும்.

சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர்கள் ஒரு கோரிக்கை வைத்தார்கள். மாதாமாதம் புதியவர்கள் வருகிறார்கள், கேட்ட கேள்விகளையே கேட்கிறார்கள், கூட்டத்தில் பாதி நேரம் அதிலேயே போய்விடுகிறது, ரிப்போர்ட் எழுதுவதைப் பற்றிப் பேச நேரமே இல்லை என்றார்கள். அது நியாயமான குறைதான். சேர பணம் கட்ட வேண்டுமா, மாதம் எவ்வளவு கிடைக்கும், மாட்டிக்கொண்டால் என்ன ஆகும், வரி பிடிப்பார்களா. கேள்விகளின் வரிசைகூட மாறுவதில்லை.

மே மாதச் செயற்குழுவில் முடிவெடுத்து, ஜூனில் இரண்டு பக்கத் தாள் ஒன்றை அச்சடித்தோம். கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம். யார் கேட்டாலும் தாளைக் கையில் கொடுத்து, படித்துப் பார்க்கச் சொல்வது என்று ஏற்பாடு. ஜூன், ஜூலை இரண்டு கூட்டங்களும் அமைதியாக நடந்தன. ஏற்பாடு பலித்துவிட்டது என்று நானே செயற்குழுவில் சொன்னேன்.

செப்டம்பரில் நடந்ததை, சம்பந்தப்பட்ட சகோதரியின் அனுமதியோடு இங்கே பதிவு செய்கிறேன். ஜூலைக் கூட்டத்துக்கு அவர் முதல்முறை வந்தார். கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க அக்கா, இதுல முதல்ல நம்ம கைக்காசப் போடணுமுங்களா?" எனக்குப் பேருந்து பிடிக்கும் அவசரம். "தாள்ல எல்லாம் இருக்குங்க, படிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அவர் படித்தார். தாளில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று, பதிவுக் கட்டணம் கேட்டால் அது மோசடி. இன்னொன்று, பொருளை முதலில் உங்கள் பணத்தில் வாங்க வேண்டும், பிறகு ஏஜென்சி திருப்பித் தரும். இரண்டும் சரியான வரிகள்தான். ஆனால் ஆகஸ்டில் அவர் செல்போனுக்கு வந்த அழைப்பில் யாரும் பதிவுக் கட்டணம் கேட்கவில்லை. டெலிகிராம் குழுவில் சேர்த்து, சின்னச் சின்ன 'டாஸ்க்' கொடுத்து, முதல் இரண்டுக்குச் சில நூறு ரூபாய் உடனே அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது டாஸ்க்கில், பொருளை முதலில் உங்கள் பணத்தில் வாங்குங்கள், கமிஷனோடு திரும்ப வரும் என்றிருக்கிறார்கள். நம் தாளில் இருந்த அதே வாசகம். சங்கத்து அக்காக்கள் சொன்னதும் இதுதானே என்று நம்பிப் பணம் அனுப்பியிருக்கிறார். அடுத்தடுத்து, முன்பு போட்டதை எடுக்க இன்னும் கட்டு என்று கேட்க, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒதுக்கிவைத்திருந்தது முழுவதும் போய்விட்டது. வெட்கத்தில் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தபோது பணம் பல கணக்குகள் தாண்டிப் போயிருந்தது. உடனே புகார் கொடுத்தால் வங்கிகள் அந்தத் தொகையை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. மூன்று நாளில் அந்த வாய்ப்பு கைநழுவிவிட்டது.

செருப்பு மாட்டும் இடத்தில் அவர் கேட்ட கேள்வி, எனக்கு நூறாவது முறை கேட்கும் கேள்வியாகக் காதில் விழுந்தது. உண்மையில் அது வேறு கேள்வி. சேர்வதற்குப் பணம் கட்ட வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. கைக்காசு என்றால் யாரிடம் போகும், எப்போது வரும் என்று கேட்டார். இரண்டு நிமிடம் நின்றிருந்தால் எனக்கு அது புரிந்திருக்கும். அவரிடம் செயற்குழு முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். இங்கேயும் கேட்கிறேன்.

அக்டோபர் முதல் ஒரு நோட்டு வைத்தோம். நாற்பது பக்க நோட்டுதான். புதியவர் எதைக் கேட்டாலும், அவர் சொன்ன வார்த்தையிலேயே அதில் எழுத வேண்டும், நம் வார்த்தைக்கு மாற்றக் கூடாது என்பது விதி. முதல் மாதம் இது சிரமமாக இருந்தது. போட்ட காசு திரும்ப வருமா என்று கேட்டதை 'ரீஇம்பர்ஸ்மென்ட் பற்றிக் கேட்டார்' என்றே பலரும் எழுதிவைத்தார்கள். அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொன்னோம்.

நோட்டு நமக்குக் கற்றுக்கொடுத்தது நிறைய. பணம் பற்றிய கேள்வி ஒன்றே ஒன்று என்று நினைத்திருந்தோம். அதற்குள்ளே டெபாசிட் திரும்ப வருமா, வாலட்டில் பணம் காட்டுகிறது ஆனால் எடுக்க முடியவில்லையே, ஐ.டி. கார்டுக்கு மட்டும் கேட்கிறார்களே, செக் அனுப்புகிறேன் என்கிறார்களே என்று வெவ்வேறு கேள்விகள் கிடந்தன. நவம்பர் கூட்டத்தில் ஒருவரையொருவர் தெரியாத மூன்று பேர் 'வாலட்' என்ற சொல்லோடு வந்தார்கள். ஊரில் புதிதாக ஒரு கும்பல் கிளம்பியிருக்கிறது என்பது நமக்கு அப்படித்தான் தெரிந்தது. அன்று மாலையே உறுப்பினர்கள் எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பினோம். கேள்வியைத் தாளைக் கொண்டு வாயடைத்திருந்தால் இது நம் காதுக்கே வந்திருக்காது.

ஜனவரியில், வங்கிப் பணியில் ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அமெரிக்காவில் இதே மோசடி வேறு உருவத்தில் பல ஆண்டுகளாக நடக்கிறது. மிஸ்டரி ஷாப்பர் வேலை என்று சொல்லி ஒரு காசோலை அனுப்புவார்கள். அதைக் கணக்கில் போட்டு, ஒரு பகுதியைச் சம்பளமாக வைத்துக்கொண்டு, மீதியைப் பணம் அனுப்பும் கவுன்ட்டர் வழியாக இன்னொருவருக்கு அனுப்பச் சொல்வார்கள். அந்தக் கவுன்ட்டரின் சேவையை மதிப்பிடுவதுதான் உங்கள் வேலை என்பார்கள். காசோலை போலி என்று தெரிவதற்கு முன்பே வங்கி அந்தப் பணத்தை எடுக்க விட்டுவிடும். பிறகு முழுத் தொகையும் காசோலையைக் கணக்கில் போட்டவர் தலையில் விழும். நுகர்வோரைப் பாதுகாக்கும் அந்நாட்டு அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இதைப் பற்றித் தொடர்ந்து எச்சரிக்கிறது. அவர் சொன்னதில் என் மனதில் நின்றது இதுதான்: அங்கேயும் இங்கேயும் ஏமாற்றுக்காரர் நம் தொழிலின் நடைமுறையையே சட்டையாகப் போட்டுக்கொண்டு வருகிறார். அதனால் தொழிலைப் பாதி தெரிந்தவர்தான் சுலபமாக விழுகிறார். முதல் கூட்டத்துக்கு வருகிறவர் அந்தப் பாதியில்தான் நிற்கிறார்.

பிப்ரவரியில் தாளைத் திருத்தினோம். இப்போது அது ஒரே பக்கம். அதில் முதலில் இருப்பது பதிலல்ல, நாம் அவரிடம் கேட்கும் கேள்வி: பணம் யார் கைக்குப் போகிறது? உண்மையான விசிட்டில் நம் பணம் கடையின் பில் கவுன்ட்டருக்கு மட்டும்தான் போகும். கையில் பொருளும் பில்லும் இருக்கும். ஏஜென்சிக்கோ, ஒரு தனிநபரின் யு.பி.ஐ. எண்ணுக்கோ, யாருடைய கணக்குக்கோ ஒரு ரூபாயும் போகாது. நமக்குப் பணம் வருவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண்ணை (PIN) போடத் தேவையில்லை. ஏஜென்சியின் பெயரைச் சரிபார்க்க, எம்.எஸ்.பி.ஏ. என்ற மிஸ்டரி ஷாப்பிங் நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பின் ஆசிய-பசிபிக் பிரிவில் உள்ள உறுப்பு நிறுவனங்களை முதலில் பார்க்கச் சொல்கிறோம். அதில் இல்லாத நல்ல ஏஜென்சிகளும் உண்டு. பெயர் இருப்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. பெயரைத் திருடி அழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்விக்கும் பதிலை மாற்றிக்கொண்டோம். முன்பு "அது ஆளுக்கு ஆள் மாறும்" என்று சொல்லி முடித்துவிடுவோம். கேட்பவர் வேலையை விடலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாரா, கைச்செலவுக்குக் கேட்கிறாரா என்று இப்போது முதலில் விசாரிக்கிறோம். இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறோம். ரிப்போர்ட் ஏற்கப்பட்ட பிறகும் பணம் வர ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகும். நிராகரிக்கப்பட்டால் வாங்கிய பொருளின் காசும் வராமல் போகலாம். ஆகவே வீட்டுச் செலவுக்கான காசைப் போட்டு முதல் விசிட்டை எடுக்காதீர்கள்.

நீங்கள் எந்தக் கடைக்குப் போகிறீர்கள் என்று புதியவர்கள் கேட்பதும், நாம் சொல்ல மறுப்பதும் கசப்பாகவே இருந்துவந்தது. வாய்ப்பை மறைக்கிறோம் என்று நினைக்கிறார்கள். ஏஜென்சியோடு நாம் போட்ட ஒப்பந்தப்படி கடையின் பெயரை யாரிடமும், இந்தச் சங்கத்திலும் சொல்லக் கூடாது. இதை இனி வரவேற்புரையிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு.

வரி விஷயம் சுருக்கமாக. 2024-25 நிதியாண்டில் சில ஏஜென்சிகள் 1961 வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவில் 1 சதவீதமும், சில 194ஜே பிரிவில் 10 சதவீதமும் பிடித்தன. 194ஜே-யில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை வரி பிடிப்பதில்லை என்றிருந்த வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 50,000 ஆனது. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போகும். அந்த ஆண்டு பிடித்தது வருமான வரித் துறையின் 26ஏஎஸ் என்ற வரிக் கணக்குப் படிவத்தில் தெரியும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம்.

இந்த ஆண்டு தொடங்கிய நல்ல பழக்கம், முதல் விசிட்டுக்குத் துணை போவது. கூடவே கடைக்குள் போவதில்லை, அது விதிமீறல். பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருப்போம். மார்ச்சில் ஒரு கல்லூரித் தம்பிக்காக நான் கிராஸ் கட் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடத்தில் வந்தார். வியர்த்திருந்தது. "அக்கா, பில் போட்டவர் பேர மறந்துட்டேன்" என்றார். பில்லைக் கேட்டேன். பேன்ட் பையில் நான்காக மடித்து வைத்திருந்தார். விரித்துப் பார்த்தோம். கேஷியர் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருந்தது, நேரம் நிமிடத்தோடு இருந்தது. உடனே இருவருமாக அதைப் படம் எடுத்தோம். அந்தக் காகிதம் வெயிலும் சூடும் பட்டால் வெளுத்துவிடும் என்று அவருக்குத் தெரியாது. போன வருடம் பைக்கின் டேங்க் கவரில் வைத்த பில் வெள்ளைத்தாளாகிப்போய் ஒரு விசிட்டை இழந்தவர் நம்மிலேயே இருக்கிறார்.

பிறகு அந்தத் தம்பி கேட்டார்: "அவங்க என்னக் கண்டுபிடிச்சிருப்பாங்களா அக்கா?" எல்லோரும் கேட்கும் கேள்விதான். ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டேன். காத்திருந்த நேரத்தை அளக்க செல்போனை வெளியே எடுத்து எடுத்துப் பார்த்தாராம். செல்போனை எல்லோரும்தான் பார்க்கிறார்கள் என்றேன். வரிசையில் நின்றதும் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். விவரங்களைக் கடைக்குள் குறிக்காமல் வெளியே வந்ததும் எழுதச் சொன்னேன். அப்படியே சந்தேகப்பட்டாலும் மறுத்து வாதாடாமல், வாங்கியதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டு ஏஜென்சிக்குத் தெரிவித்தால் போதும். அன்று இரவு பத்து மணிக்கு ரிப்போர்ட் அனுப்பிவிட்டதாக அழைத்துச் சொன்னார். ஏற்கப்பட்டது.

மூத்த உறுப்பினர்களின் நேரக் குறையும் தீர வேண்டும். ஏப்ரல் முதல் கூட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் புதியவர்களுக்கு. சுழற்சி முறையில் இரண்டு பேர் நோட்டோடு உட்காருவார்கள். பொதுக்கூட்டத்தில் ரிப்போர்ட் பயிற்சி மட்டும். இது போதாது, புதியவர்கள் சேர்வதற்கே ஒரு தேர்வு வைக்க வேண்டும் என்று இரண்டு செயற்குழு உறுப்பினர்கள் எழுத்து மூலம் கருத்துத் தெரிவித்திருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பயந்துபோய்க் கேட்க வருகிறவரைத் தேர்வு வைத்துத் திருப்பி அனுப்பினால் அவர் டெலிகிராம் குழுவில்தான் போய்க் கேட்பார். ஆனாலும் அவர்கள் கருத்து பொதுக்குழுவின் விவாதத்துக்கு உரியது, பொருள் எண் 4-இல் சேர்த்திருக்கிறேன்.

செப்டம்பரில் பணத்தை இழந்த சகோதரி சங்கத்தை விட்டுப் போகவில்லை. ஜனவரி முதல் நோட்டை அவர்தான் பராமரிக்கிறார். புதியவர் வந்தால் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார வைக்கிறார். அவரைக் கேள்வி நேரத்தின் பொறுப்பாளராக நியமிக்கச் செயற்குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

மாடியை ஆண்டு முழுவதும் வாடகையில்லாமல் கொடுத்த உறுப்பினருக்கும், தாளை இரண்டு முறையும் அடக்க விலைக்கு அச்சடித்துக் கொடுத்த அச்சக நண்பருக்கும், எல்லா ஞாயிறும் தேநீர் பார்த்துக்கொண்ட தம்பிகளுக்கும் நன்றி. முதல் நோட்டு நிரம்பிவிட்டது. இரண்டாவது நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் போகும்போது அதில் கேள்வியை எழுதிவிட்டுப் போகலாம். எழுத வராதவர்கள் சொன்னால் நான் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்