செஸ் பலகை பீரோவுக்குள் இருக்க வேண்டாம்: ஏற்காடு மலைப்பள்ளிகளுக்காக ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், ஏற்காடு வட்டாரத் தலைமை ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

மலைக் கிராமப் பள்ளிகளில் வாரத்துக்கு ஒரு பாடவேளையை செஸ்ஸுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நன்றாக ஆடும் நாலு பேரைப் பொறுக்கி எடுப்பதற்காக இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பிள்ளைகளுக்காகவும் கேட்கிறேன்.

நம் மாநிலத்துக்கு இது புதிதல்ல. 2013இலேயே 7 வயது முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களுக்குப் பள்ளியில் செஸ் என்று அரசு திட்டம் கொண்டுவந்தது. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாள் உற்சாகம் பொங்குகிறது. அப்புறம் பலகையும் காய்களும் பீரோவுக்குள் போய்விடுகின்றன; போட்டிக்கு முந்தின வாரம்தான் வெளியே வருகின்றன. அந்த ஒரு வாரத்தில் ஏற்கெனவே ஆடத் தெரிந்த பிள்ளை ஆடுகிறது. மற்றவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

செஸ் ஆடினால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று சொல்லி இதைக் கேட்க எனக்கு மனமில்லை. இங்கிலாந்தில் 100 தொடக்கப்பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் செஸ் சொல்லிக்கொடுத்து, முடிந்து ஓராண்டு கழித்துக் கணக்குத் தேர்வு வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் வித்தியாசம் தெரியவில்லை என்று 2016இல் அறிக்கை வந்தது. மதிப்பெண் ஆசை காட்டி ஆரம்பித்தால், அடுத்த காலாண்டுத் தேர்விலேயே 'எங்கே கூடியது?' என்று கேட்டு அந்தப் பாடவேளையைத் திரும்ப வாங்கிவிடுவார்கள்.

பிள்ளைக்குக் கிடைப்பது வேறு. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரம் கை முந்தும். ராணியைத் தொட்டுவிட்டு முழிப்பார்கள். போகப் போகக் கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணால் பலகையைத் தேட ஆரம்பிப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளை, யாரும் அதட்டாமல், தானாகவே பொறுக்கப் பழகுகிறது. அடுத்தது, எதிரே இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று யோசிப்பது. தன் காயை மட்டும் பார்த்து ஆடுகிறவர் சீக்கிரம் தோற்பார். 'அவன் ஏன் குதிரையை அங்கே வைத்தான்?' என்று ஒவ்வொரு நகர்வுக்கும் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அடுத்தவர் மனதுக்குள் போய்ப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்குப் பள்ளியில் வேறு எந்தப் பாடவேளை இருக்கிறது?

தோல்வியும் இங்கே வேறு மாதிரி. தாயத்தில் தோற்றால் விழவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். செஸ்ஸில் காய் எல்லாம் கண்முன்னே இருக்கிறது; தோற்றால் பழி போட வேறு ஆள் இல்லை. அதனால் நகர்வுகளைக் குறித்துவைக்கச் சொல்லிக்கொடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு கோடு போட்ட நோட்டு போதும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் நோட்டைப் பார்த்து மறுபடி ஆடிப் பார்க்கட்டும். எந்த இடத்தில் ஆட்டம் கைவிட்டுப் போனது என்று ஜெயித்த பிள்ளையே தோற்ற பிள்ளைக்குக் காட்டும். அழுகை அங்கேயே நின்று பேச்சாகிவிடும்.

மலைக்கு இது ஏன் அதிகம் பொருந்தும் என்று உங்களுக்கே தெரியும். சேர்வராயன் மலையில் மழையும் மூடுபனியும் வந்தால் விளையாட்டுப் பாடவேளை போயே போய்விடுகிறது. சரிவில் இருக்கும் பள்ளிக்குச் சமதளமான மைதானம் கிடைப்பதும் கஷ்டம். செஸ்ஸுக்கு ஒரு திண்ணை போதும். அப்புறம், பிளஸ் ஒன் சேரச் சேலத்துக்கு இறங்கும் மலைப்பிள்ளைகள் பலர் ஆங்கிலம் வராது என்று கூசி கடைசி பெஞ்சில் ஒதுங்குகிறார்கள். பலகைக்கு முன்னால் அந்தக் கூச்சத்துக்கு வேலையில்லை. பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு வார்த்தை. வயதுக்கு வந்ததும் அவர்களுடைய ஓட்டமும் ஆட்டமும் பல வீடுகளில் நின்றுவிடுகிறது. செஸ்ஸை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. வைஷாலியும் தம்பி பிரக்ஞானந்தாவும் செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டரை உலகிலேயே முதலில் சேர்ந்து பெற்ற அக்கா தம்பி. நம் சென்னைப் பிள்ளைகள்.

'எங்கள் ஆசிரியர்களுக்கே ஆடத் தெரியாதே' என்பீர்கள். பரவாயில்லை, சேர்ந்தே கற்கலாம். முதலில் சிப்பாய்களை மட்டும் அடுக்குங்கள். யாருடைய சிப்பாய் முதலில் எதிர்க் கடைசி வரிசையைத் தொடுகிறதோ அவர் ஜெயித்தார். அது பழகியதும் யானை, அப்புறம் மந்திரி, பிறகு குதிரை என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். கடிகாரமும் தரவரிசைப் பட்டியலும் முதல் ஆண்டுக்கு வேண்டாம்.

கல்வி அலுவலர் அவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். சேலத்தில் போட்டி வைத்தால், விடிகாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்து தலைசுற்றலோடு பிள்ளைகள் பலகை முன்னால் உட்காருகிறார்கள். முதல் சுற்றையாவது ஏற்காட்டிலேயே நடத்துங்கள். நாகலூர், வாழவந்திப் பிள்ளைகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து ஆடுவார்கள். சனிக்கிழமைகளில் மேலே வந்து சொல்லிக்கொடுக்க நான் தயார். கூட வரச் சில நண்பர்களும் இருக்கிறார்கள். சம்பளம் வேண்டாம், ஒரு வகுப்பறையைத் திறந்து கொடுத்தால் போதும்.

அன்புடன்,
அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு செஸ் பயிற்றுநர்