நோட்கெல்ட்: விடுபட்ட பாதிக் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1923-இல் ஜெர்மனியைப் புரட்டிப்போட்ட பணவீக்கம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அதில் 'நோட்கெல்ட்' என்பதற்கு 'நோட்டுப் பணம்' என்று பொருள் தந்திருக்கிறீர்கள். கேட்க அப்படித்தான் இருக்கும். ஆனால் நம் நோட்டு, லத்தீனின் 'நோட்டா' ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்த சொல். ஜெர்மானிய 'நோட்' வேறு. அதற்குத் தட்டுப்பாடு, நெருக்கடி என்று பொருள். 'கெல்ட்' என்றால் பணம். நெருக்கடியில் பிறந்த பணம் என்று தெரிந்தால்தான், அதை அச்சிட்டது பெர்லின் அரசு வங்கி அல்ல, ஊர்கள் என்ற விஷயமும் விளங்கும். கட்டுரையில் அது விடுபட்டுவிட்டது.

1914-இல் போர் தொடங்கியதும் மக்கள் வெள்ளி நாணயங்களைப் பதுக்கினார்கள். அப்புறம் நிக்கலும் செம்பும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் போயின. சில்லறை கிடைக்காமல் கடைத்தெரு திண்டாடியது. நகராட்சிகளும் ஆலைகளும் தங்கள் பெயரிலேயே சிறுசிறு தாள்களை அச்சிட்டுக் கொடுத்தன. ஊரின் மேல் இருந்த நம்பிக்கைதான் அவற்றைப் புழங்க வைத்தது.

போருக்குப் பின் இதில் கலையும் சேர்ந்துகொண்டது. ஹாமெல்ன் நகரம் தன் எலிபிடிக்கும் குழலூதியின் கதையை நோட்டில் வரைந்தது. நெசவுக்குப் பெயர்போன பீலஃபெல்ட் பட்டுத் துணியிலேயே அச்சிட்டது. சேகரிப்பவர்கள் வாங்கிப் பத்திரப்படுத்திய நோட்டு திரும்பி வராது. அதன் மதிப்பு முழுவதும் ஊர்க் கஜானாவுக்கு லாபம். இந்தக் கணக்கும் அந்த அழகுக்கு ஒரு காரணம். 1922-இல் அரசு தடை போட்டது.

தடை நிலைக்கவில்லை. மறு ஆண்டே விலைவாசியின் வேகத்துக்கு அரசு வங்கியால் அச்சடித்து மாளவில்லை. ஊர்களும் ரயில்வேயும் மறுபடி அச்சகங்களை நாடின. துரிங்கியா மாநிலத்தின் பத்து லட்சம் மார்க் நோட்டை வடிவமைத்த ஹெர்பர்ட் பேயர் அப்போது பௌஹவுஸ் கலைப்பள்ளி மாணவர். அந்த நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஈடாக ஒரு ரென்டன்மார்க் என்ற கணக்கில் புதிய பணம் வந்த பிறகுதான் நிலைமை அடங்கியது.

தள்ளுவண்டி நிறைய நோட்டுக் கட்டுகளைக் காட்டும் படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நெருக்கடியைத் தங்களால் முடிந்தவரை சமாளித்த அந்தச் சின்ன ஊர்களையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. திருத்தம் வெளியிடும்போது பீலஃபெல்டின் பட்டு நோட்டு ஒன்றையாவது வண்ணப் படமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்