மலையக மாடுகளைக் குளிர் காப்பாற்றாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மாடுகளுக்குப் பூச்சிகளால் பரவும் வைரஸ் நோய்களைப் பற்றிப் பேச்செடுத்தால், அவை கீழ்நாட்டு நோய்கள், நமது குளிருக்குள் வரமாட்டா என்று மலையகத்தில் மாடு வளர்க்கும் பலர் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. நீலநாக்கு நோய் வெப்ப நாடுகளுக்கே உரியதென்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் 2006 ஆம் ஆண்டில் அது நெதர்லாந்து, பெல்ஜியம், ஜேர்மனி ஆகிய நாடுகளில் தோன்றி, அங்குள்ள பனிக்காலத்தையும் கடந்து, மறு ஆண்டில் முன்னிலும் பெரிதாகப் பரவியது. அந்நோயைக் காவுவது கியூலிகொய்டஸ் எனப்படும், நுளம்பைவிட மிகச் சிறிய கடிபூச்சி. அதன் உடலுக்குள் வைரஸ் பெருகுவது ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் கீழேதான் நின்றுபோகிறது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 16 பாகை; ஹட்டனும் பொகவந்தலாவையும் அதைவிடச் சூடானவை.

கடிக்கும் ஈயும் நுளம்பும் பரப்பும் தோல் கழலை நோயின் வரலாறும், இத்தகைய நோய்கள் பழைய எல்லைக்குள் நின்றுவிடுவதில்லை என்பதையே காட்டுகிறது. 1929 இல் இன்றைய சாம்பியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பல பத்தாண்டுகள் ஆபிரிக்காவுடன் நின்ற அந்நோய், 2019 இல் இந்தியாவையும் பங்களாதேஷையும் அடைந்து, 2020 இல் இலங்கைக்குள் வந்துவிட்டது. மாடு இறப்பது குறைவுதான். ஆனால் காய்ச்சலும் கட்டிகளுமாகக் கிடக்கும் பசுவின் பால் வற்றிவிடுகிறது, சினைப்பசு கன்றை வீசிவிடுகிறது. ஒன்றிரண்டு பசுக்களின் பால் பணத்தைக் கொண்டு கடையில் கடன் அடைக்கும் தோட்டக் குடும்பத்துக்கு இது எத்தகைய இழப்பு என்பதை மலையக வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வைரசைக் கொல்லும் மருந்து இல்லாததால், நோய் வந்தபின் போடும் ஊசிகள் புண்ணில் சேரும் பிற தொற்றைத் தடுக்குமேயன்றி நோயைத் தீர்க்கமாட்டா.

ஆகவே தோல் கழலை நோய்க்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போட வேண்டும். ஊசி போட்டபின் போதிய எதிர்ப்புச்சக்தி உருவாக ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, ஈயும் நுளம்பும் பெருகி, முதல் மாட்டில் கட்டி தெரிந்தபின் ஊசிக்கு ஓடுவதில் பயன் குறைவு. இன்னொரு வேலை நம் கையில் இருக்கிறது. மாட்டை வலிக்கக் கடித்து இரத்தம் குடிக்கும் கொட்டில் ஈ, சாணமும் தின்று மிஞ்சிய புல்லும் கலந்து அழுகும் இடத்தில் முட்டையிடுகிறது. கியூலிகொய்டஸ் ஈரச் சேற்றில் வளர்கிறது. லயன்களை ஒட்டிய மாட்டுப்பட்டிகளில் இரண்டுக்கும் இடமுண்டு. எருவை மூடி வைப்பதும், மூத்திரக் கானை வழிந்தோடச் செய்வதும், கட்டி வந்த மாட்டை ஒதுக்கிக் கட்டுவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஆனால் பட்டி நிற்பது தோட்ட நிலத்தில் என்பதால், கான் வெட்டத் தோட்ட நிர்வாகங்கள் இடங்கொடுக்க வேண்டும்.

காட்டு விலங்குகளைப் பற்றி எவரும் பேசாதது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. தாய்லாந்தில் தோல் கழலை நோய் காட்டுமாடுகளையும் தாக்கியிருக்கிறது. வட அமெரிக்காவில் நீலநாக்கும் அதன் இனத்தைச் சேர்ந்த இரத்தக்கசிவு நோயும் மான்களைக் கொல்கின்றன. நமது ஹோட்டன் சமவெளியில் மரைகள் கூட்டமாக மேய்கின்றன. அதன் எல்லையை அடுத்தே பட்டிப்பொலவும் அம்பேவெலப் பண்ணைகளும் உள்ளன. வேலி மாட்டைத் தடுக்கும், காற்றில் மிதந்து வரும் பூச்சியைத் தடுக்காது. ஆதலால் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும் வனஜீவராசிகள் திணைக்களமும் இணைந்து, இறந்து கிடக்கும் மரைகளின் மாதிரிகளைச் சோதிக்கவும், எல்லையோரப் பட்டிகளில் முதலில் ஊசி போடவும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

பிரதேச கால்நடை வைத்திய அலுவலகங்கள் ஊசி போடும் நாட்களைத் தமிழில் எழுதி, பால் சேகரிக்கும் நிலையங்களில் மார்ச் மாதத்துக்குள் ஒட்டும்படி தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பால் உற்பத்தியாளர் ஒருவர்,
பொகவந்தலாவை.