ஆச்சி வாசித்தால்தான் விளங்கும் பத்திரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கன்னியாகுமரி ஜில்லாவின் கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பழைய வீடுகளில், தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முந்தைய பத்திரங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். அதை எழுத்துக்கூட்டி வாசிக்க வீட்டில் மிஞ்சியிருப்பது அநேகமாக ஆச்சி ஒருவர்தான் (அம்மச்சி, பாட்டி, விளி எதுவானாலும்). மகன் கேட்டால் பங்குப் பேச்சாகப் படும், வாய் திறக்க மாட்டார். வளர்ந்த பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் சொல்லுவார்.

முதலில் நான்கெல்லையைப் பாருங்கள். 'கிழக்கு இன்னாள் அனுபவிக்கும் விளை' (விளை என்றால் தோப்பு நிலம்) என்று யாரும் கேள்விப்படாத ஒரு பெயர் வரும். அதில் விரலை வைத்து, "இது யாரு ஆச்சி?" என்றால் போதும். பாட்டாவின் (தாத்தாவின்) மூத்த தாரமோ, தத்துப் போன பிள்ளையோ வெளியே வரும்.

பத்திரத்தில் இருப்பது மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு. ஆங்கில ஆண்டு வர அதோடு 825 கூட்டுவது பலருக்கும் தெரியும். ஆனால் சிங்ஙம் (ஆவணி) முதல் தனு (மார்கழி) பாதி வரை 824-தான். 1100 கன்னி என்றால் 1924. 1100 கும்பம் என்றால் 1925. இந்த ஒரு வருடம் பிசகினால் வில்லங்கச் சான்றில் பதிவே சிக்காது.

ஆச்சியிடம் ஆண்டைக் கேட்டுப் பயனில்லை. தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட போராட்டத்தில் நடந்த 1954 துப்பாக்கிச் சூட்டுக்கு முன்னாலா, ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகா, 1970-ல் விவேகானந்தர் பாறை திறந்தபோது கைக்குழந்தை யார் என்று கேளுங்கள்.

பத்திரத்தைத் திண்ணை வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படமெடுங்கள். முத்திரையும் பதிவெண்ணும் பின்பக்கத்தில் இருக்கலாம், அதையும் விடாதீர்கள். லாமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. குரலைப் பதியும்போது ஃபேனை நிறுத்துங்கள். பல்லில்லாத வாயின் பேச்சு அந்த இரைச்சலில் கரைந்துபோகும். ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும்.

கிறிஸ்தவ வீடுகளின் ரகசியம் வேறு மாதிரி. திருவிதாங்கூரின் கொல்லம் 1092-ஆம் ஆண்டு கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. ஸ்திரீதனம் (சீதனம்) கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1-லேயே முடிந்துவிட்டது என்று 1986-ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே அம்மச்சியின் அப்பா இறந்தது அந்தத் தேதிக்கு முன்னா, பின்னா என்பதுதான் கேள்வி. கூடப்பிறந்தவர்களின் முகத்துக்காகப் பங்கு கேட்காமல் விழுங்கிக்கொண்ட அம்மச்சிமார் உண்டு. இப்போது வழக்குப் போட முடியுமா என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

"இதை யாரிடம், எப்போது சொல்லலாம்?" என்று ஆச்சியிடமே கேட்டு, அந்தப் பதிலையும் அதே ஒலிப்பதிவில் வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். ஒன்றை மட்டும் ஆச்சி தடுத்தாலும் மறைக்கக் கூடாது: வாரிசுச் சான்றுக்கு மனு கொடுக்கும்போது மூத்த தாரத்துப் பிள்ளையின் பெயர். உயில் எழுதாமல் இறந்த தகப்பன் சொத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு உள்ள அதே பங்கு அந்தப் பிள்ளைக்கும் உண்டு.

– ஒரு வாசகி, தக்கலை