மீதியில் கால்

கொக்குவில்,
தை மாதம்

அன்பு மச்சானுக்கு,

முழங்கால் நோ எப்படி? பத்துப் போட்டாயா? இங்கே பனங்கிழங்குக் காலம், முந்தாநாள்தான் பாத்தி கிண்டினோம்.

பேத்திக்கு இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. கூட்டல், பெருக்கலில் கெட்டிக்காரி, பின்னக் கணக்கை வசனமாகத் தந்தால்தான் தடக்குப்படுகிறாள். அன்று வந்த கணக்கு இது: 40 கிழங்கில் ஐந்தில் இரண்டு பங்கை அவித்தார்கள். மீதியில் கால் பங்கை அயலுக்குக் கொடுத்தார்கள். மிச்சம் எத்தனை? அவள் 40இலேயே கால் எடுத்து 10 என்றாள். விடை 14 என்று எழுதிவிட்டாள்.

கொப்பியை மூடச் சொல்லிவிட்டு, முற்றத்தில் சாக்கு விரித்து 40 கிழங்கை எண்ணி வைத்தேன். மண் உதிர உதிர அவளே எட்டெட்டாக ஐந்து கூறு வைத்தாள். இரண்டு கூறு பானைக்குப் போனது. சாக்கில் 24. “இப்ப எதில கால்?” என்று கேட்டேன். வெறுமையான இடத்தைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். “மீதியில!” என்று கத்திக்கொண்டு 6 கிழங்கை எடுத்தாள். மிச்சம் 18.

மச்சான், நம் மொழியே வழி காட்டுகிறது. ‘ஐந்தில் இரண்டு’ என்னும்போது எத்தனை கூறாக்க வேண்டும் என்பது முதலில் வருகிறது, எடுப்பது பிறகு. ‘மீதியில் கால்’ என்றால் ‘இல்’ ஒட்டியிருக்கும் மீதிதான் இப்போது முழுசு. நமக்கு ‘கீழால் பிரி, மேலால் பெருக்கு’ என்று மட்டும் சொல்லித் தந்தார்கள். எதைப் பிரிப்பது என்று யாரும் சொல்லவில்லை. இப்போது அவள் ‘இல்’ வரும் சொல்லுக்கெல்லாம் அடிக்கோடு போடுகிறாள்.

அரைக்கால், மாகாணி என்று ஐயா பின்னங்களுக்குப் பழைய பெயர் சொல்வது நினைவிருக்கிறதா? மாகாணி பதினாறில் ஒன்று. நம் ஊர் நில அளவில், குடியிருப்புக் காணி என்றால் 16 பரப்பு ஒரு ஏக்கர், அப்போ பரப்பு என்பது ஏக்கரில் மாகாணி! இத்தனை வயதுக்குப் பிறகு இப்போதுதான் எனக்கே பிடிபட்டது.

அப்புறம் அவள் கணக்கைத் திருப்பிப் போட்டு என்னை மடக்கினாள். மீதியில் கால் 6 என்றால் மீதி 24. அது மூன்று கூறு, ஒரு கூறு 8, ஐந்து கூறு 40. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உன் பேரனிடம் இதைக் கேள்: ஒரு வகுப்பில் எட்டில் மூன்று பங்கினர் சைக்கிளில் வருகிறார்கள். மீதிப்பேரில் ஐந்தில் இரண்டு பங்கினர் பஸ்ஸில். நடந்து வருபவர்கள் 12 பேர். வகுப்பில் எத்தனை பேர்? விடையை அவன் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்