சவரக் கத்திக்கு ஏற்ற தோல் வார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து மடக்குச் சவரக் கத்திகளைத் தேடித் தேடி வாங்குவோர் கூட, அவற்றைத் தீட்டும் தோல் வாரைக் கைக்குக் கிடைத்தபடி வாங்கிவிடுகிறார்கள். சாணைக்கல் எஃகைத் தேய்த்துக் கூர்மையை உண்டாக்குகிறது. வாரோ சவரத்தின்போது மடங்கும் மெல்லிய விளிம்பை நிமிர்த்தி மெருகேற்றுகிறது என்பதால், நன்றாக மழுங்கிவிட்ட கத்தியை வாரில் எத்தனை முறை இழுத்தாலும் பெரிய பயன் இராது.

ஏறத்தாழ 3 அங்குல அகலமுள்ள வாரில் அலகு முழுவதும் ஒரே இழுப்பில் படியும். 2 அங்குல வாரில் குறுக்குச் சாய்வாக இழுக்க வேண்டியிருப்பதால், புதியவர்களுக்கு அது எளிதில் கைவராது. மாட்டுத்தோலா, குதிரைத்தோலா என்ற வாதத்தை நான் பெரிதாக எண்ணுவதில்லை. சுருக்கமும் வடுவும் இல்லாதிருந்தால் போதும்.

வாரைத் தொய்வின்றிப் பிடித்து, முதலில் வாரோடு சேர்ந்துவரும் கித்தான் என்ற தடித்த துணிப் பட்டையிலும் பிறகு தோலிலும், கத்தியின் முதுகு முன்செல்லக் கூர் பின்தொடருமாறு, அழுத்தாமல் இழுக்க வேண்டும். திருப்பும்போது முதுகு வாரைவிட்டு எழக்கூடாது. கூர்ப்பக்கமாகப் புரட்டினால் தோல் அறுபடும், கூரும் கெடும். பழைய சலூன்களில் கண்ட வேகம் பழகிய கைகளுக்கே உரியது. விளிம்பை நுண்மையாகத் தேய்த்து மெருகேற்றும் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசையை வாரில் பூசுவதாயின், அதற்கெனத் தனி வார் வைத்துக்கொள்வதே நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.